மான் குறுக்கே வந்தால்...

கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் தொரப்பள்ளியைத் தாண்டியதும் முதுமலைக் காடு தொடங்கிவிடும். அங்கிருந்து சாலை ஓரங்களில் வனவிலங்குகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லுங்கள் என்று எச்சரிக்கும் பலகைகளைப் பார்க்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்ததும் யானை தெரிகிறதா, புலி தெரிகிறதா என்று ஜன்னல் வழியே தேடுவார்கள். புள்ளிமான் கூட்டம் தெரிந்தால், "மான்தானே!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள்.

ஆனால் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ போகிறவர் அப்படித் திரும்பிக்கொள்ளக் கூடாது. சாலை ஓரத்தில் கூட்டங்கூட்டமாக மேய்வது மான்தான். எந்த விநாடியில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாத விலங்கும் அதுதான்.

மான் சாதுவான பிராணி ஆயிற்றே, அதனால் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? எடையைப் பாருங்கள். வளர்ந்த ஆண் புள்ளிமான் ஏறக்குறைய ஓர் ஆளின் எடை இருக்கும். கடமான் இன்னும் பெரியது. மிளா என்றும் இதைச் சொல்வார்கள். வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோகிராமையும் தாண்டும். நம் சாலைகளில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிளைவிட அது கனமானது. காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் போகிறவருக்கு முன்னால் இருப்பது கைப்பிடியும் விளக்கும் மட்டுமே.

இந்தக் கவலை முதுமலைக்கு மட்டும் உரியதன்று. சத்தியமங்கலம் காட்டுச் சாலைகளிலும் மான்கள் உண்டு. சென்னை மாநகரின் நடுவில், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டியிலும், அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலும் புள்ளிமான்கள் நடமாடுகின்றன. கோடைக்காலத்தில் தண்ணீர் தேடிக் காட்டைவிட்டு வெளியே வந்த மான் வாகனத்தில் அடிபட்டது என்ற செய்தியை நீங்களும் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? மானின் கண், மனிதனின் மூளை, சக்கரத்தின் உராய்வு ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும். தப்பிக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது.

மான் ஏன் சாலைக்கு வருகிறது?

காட்டின் உள்ளே மரநிழல் அடர்ந்த இடத்தில் புல் குறைவாகவே வளரும். சாலை ஓரத்தில் வெயில் நன்றாகப் படும். மழைநீரும் சாலையிலிருந்து வழிந்து ஓரத்து மண்ணில் இறங்கும். போதாக்குறைக்கு, விலங்குகள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகச் சாலையின் இரு பக்கமும் புதர்களை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் இளம் புல் துளிர்க்கிறது. மானுக்கு அது விருந்து. மேலும், மறைந்து வரும் புலியையும் சிறுத்தையையும் திறந்தவெளியில் முன்கூட்டியே பார்த்துவிட முடியும். ஆகவே மான் சாலையோரத்துக்கு வருவது அறியாமையால் அன்று.

புள்ளிமான் அதிகமாக மேய்வது அதிகாலையிலும் மாலையிலும். கடமான் பெரும்பாலும் இருட்டிய பிறகே நடமாடும். மனிதர்கள் வேலைக்குப் போவதும் வீடு திரும்புவதும் ஏறக்குறைய அதே நேரங்களில்தான். அந்த அரை வெளிச்சத்தில் நம்முடைய கண்ணும் தடுமாறுகிறது. காய்ந்த புல்லின் நிறமும் மானின் தோல் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எதிரே வரும் வண்டியின் விளக்கு நம் கண்ணில் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மானின் கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

இரவில் பூனையின் கண் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மானின் கண்ணும் அப்படித்தான் ஒளிரும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குள் நுழைந்த ஒளி விழித்திரையை ஒரு முறை கடந்து, இந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி, இரண்டாம் முறையும் கடக்கிறது. கிடைக்கும் சிறிதளவு ஒளியை மான் இரண்டு தடவை பயன்படுத்திக்கொள்கிறது என்று சொல்லலாம். நம் கண்ணில் இந்தப் படலம் கிடையாது.

விழித்திரையில் இருவகைச் செல்கள் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். நிறங்களைப் பிரித்தறிபவை கூம்பு செல்கள். மானுக்குக் கோல் செல்கள் மிகுதி. கூம்பு செல்களில் நமக்கு மூன்று வகை இருக்க, மானுக்கு இரண்டு வகைதான். 1990களில் அமெரிக்காவின் வெள்ளைவால் மானின் கண்ணை ஆராய்ந்தபோது இது தெரியவந்தது. சிவப்பு நிறம் மானுக்குச் சரியாகத் தெரியாது. நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டை மற்ற ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கையாகலாம், மானுக்கு ஆகாது.

மானின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. எனவே தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது பார்க்கிறது. எங்கே சிறிது அசைந்தாலும் உடனே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு கண்களும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்க்கும் பரப்பு குறைவு. தூரத்தைத் துல்லியமாக மதிப்பிட அந்தப் பரப்புதான் உதவும்.

மொத்தத்தில், பதுங்கிவரும் புலியை இருட்டில் கண்டுபிடிக்க மிகப் பொருத்தமாக அமைந்த கண் அது. அந்தக் கண்ணில் திடீரென்று முகப்பு விளக்கின் ஒளி முழு வீச்சில் விழுந்தால் என்ன ஆகும்? மங்கிய ஒளிக்குப் பழகியிருந்த கோல் செல்கள் செயலற்றுப் போகின்றன. அந்த ஒளியைத் தவிர வேறொன்றும் தெரியாமல் மான் திகைத்து நின்றுவிடுகிறது.

நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆபத்து வருவதாகத் தோன்றினால் முதலில் அசையாமல் நிற்பது மானின் பிறவிப் பழக்கம். மரநிழலில் அசையாமல் நிற்கும் புள்ளிமானைக் கண்டுபிடிப்பது எளிதன்று. புள்ளிகள் இலைகளின் இடையே விழும் வெயிலைப் போலவே இருக்கும். ஆபத்து மிகவும் நெருங்கியபோது மான் பாய்ந்து ஓடும். காலங்காலமாகப் புலியிடமிருந்து அதைக் காப்பாற்றிய உபாயம் இது.

இதே உபாயம் சாலையில் பலிக்காது. வண்டி 30 மீட்டர் தூரத்துக்கு வந்ததும் ஒரு மான் ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி என்றால் அதற்கு 2.7 விநாடி கிடைக்கும். 80 கி.மீ. வேகம் என்றால் 1.35 விநாடிதான். வழவழப்பான தார்ச்சாலையில் மானின் குளம்பு வழுக்கவும் வழுக்கும். அப்போது நேரே ஓடவேண்டிய மான் வந்த வழியே திரும்பிவிடலாம். அல்லது தன் கூட்டம் நிற்கும் பக்கத்தை நோக்கி உங்கள் சக்கரத்தின் முன்னாலேயே பாயலாம்.

மானுக்கு மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கற்பிக்க நம்மால் முடியாது. கணக்குப் போடவேண்டியவர் வண்டி ஓட்டுகிறவர்தான்.

ஒரு சோதனை, ஒரு கணக்கு

முதலில் சோதனை. 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் அதன் மேல்நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யம் உள்ள இடத்தில், தொடாமல், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் அளவுகோலை விடவேண்டும். நீங்கள் பிடிக்கவேண்டும். எத்தனையாவது செ.மீட்டரில் பிடித்தீர்கள்? 15 செ.மீ. என்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.17 விநாடி. 20 செ.மீ. என்றால் சுமார் 0.2 விநாடி.

பரவாயில்லையே, நான் சுறுசுறுப்புதான் என்று மகிழ வேண்டாம். அளவுகோல் விழப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். விரலும் தயாராக இருந்தது. சாலையில் அப்படியில்லை. ஏதோ அசைகிறது என்று கண் காணவேண்டும். அது மான் என்று மூளை அறியவேண்டும். பிரேக் போடுவது என்று முடிவு செய்யவேண்டும். அதன் பிறகே கையும் காலும் பிரேக்கை அழுத்தவேண்டும். எதிர்பாராத ஆபத்தில் இவ்வளவுக்கும் சேர்த்து 1.5 விநாடி என்று கணக்கிடுவது வழக்கம். அந்த 1.5 விநாடியும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது கணக்கு. காய்ந்த நல்ல சாலையில், நல்ல பிரேக் உள்ள வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்வோம். வண்டி நிற்பதற்குள் ஓடும் தூரம் இதோ:

40 கி.மீ. வேகத்தில்: யோசிக்கும் நேரத்தில் 17 மீட்டர், பிரேக் போட்ட பின் 10 மீட்டர், மொத்தம் 27 மீட்டர்.

60 கி.மீ. வேகத்தில்: 25 மீட்டர், பிறகு 23 மீட்டர், மொத்தம் 48 மீட்டர்.

80 கி.மீ. வேகத்தில்: 33 மீட்டர், பிறகு 41 மீட்டர், மொத்தம் 74 மீட்டர்.

வேகம் 40இலிருந்து 80 ஆக இரு மடங்கானபோது, பிரேக் போட்ட பின் ஓடும் தூரம் 10இலிருந்து 41 ஆக, அதாவது நான்கு மடங்காகிவிட்டதைக் கவனித்தீர்களா? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிப்பதே காரணம்.

இரவில், தாழ்ந்த ஒளியில் வைத்த முகப்பு விளக்கு 40 மீட்டர் தூரம்வரை தெளிவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையில் ஒரு கடமான் நிற்கிறது. 40 கி.மீ. வேகத்தில் வந்தவர் மானுக்கு 13 மீட்டர் முன்னதாகவே நின்றுவிடுவார். 60 கி.மீ. வேகத்தில் வந்தவரால் நிற்க முடியாது. மானை அடையும்போது அவர் வேகம் இன்னும் மணிக்குச் சுமார் 36 கி.மீ. இருக்கும். 80 கி.மீ. வேகத்தில் வந்தவரோ பிரேக்கை அழுத்தத் தொடங்கிய உடனேயே மானை அடைந்துவிடுவார். அப்போது அவர் வேகம் சுமார் 73 கி.மீ.!

இதை வேறு விதமாகவும் சொல்லலாம். 36 கி.மீ. வேகத்தில் மோதுவது 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 73 கி.மீ. வேகத்தில் மோதுவது 21 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏழாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்.

ஆகவே முதல் விதி இதுதான்: விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். பிரேக்கும் டயரும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் இந்த விதியை மீறியவரை அவற்றால் காப்பாற்ற முடியாது.

வளைத்து ஓட்டினால் என்ன?

மானைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடலாமே என்று தோன்றும். இங்கேதான் இரண்டு சக்கரத்துக்கும் நான்கு சக்கரத்துக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. மோட்டார் சைக்கிள் திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும். சாய்ந்த வண்டியைத் தாங்குவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. அதற்கு ஓர் அளவு உண்டு. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் செலவு. பிரேக் போடுவதற்கும் அதிலிருந்துதான் செலவு. இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டால் உராய்வு போதாது. டயர் வழுக்கும். வண்டி சாயும். மேலும் நீங்கள் வளைத்த பக்கமே மானும் பாயலாம். சாலையை விட்டு விலகினால் மரம் இருக்கும். எதிர்ப்பக்கம் போனால் லாரி வரும்.

எனவே வண்டியை நேராக வைத்துக்கொண்டு, முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடிக்க வேண்டும். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் முன் பிரேக்குக்கே பங்கு அதிகம். ஆனால் அதை ஒரேயடியாக இறுக்கினால் சக்கரம் சுழல்வது நின்று வழுக்கிவிடும். இதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். என்ற அமைப்பு, 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்டது. அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் யோசிக்கும் நேரத்தில் ஓடிய 25 மீட்டரைத் திருப்பித் தராது.

மோதல் தவிர்க்கவே முடியாது என்றாலும் கடைசிவரை பிரேக் பிடித்து, வண்டியை நேராக வைத்திருப்பதே மேல். குறையும் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் அடியின் கடுமையைக் குறைக்கும்.

ஓட்டுகிறவருக்குச் சில யோசனைகள்

காட்டுச் சாலையில் பலகை காட்டும் வேகத்தைத் தாண்டக் கூடாது. விடியற்காலையிலும் அந்தியிலும் அதைவிடவும் குறைக்க வேண்டும்.

சாலை ஓரத்தை ஒட்டிப் போகாமல், தனக்குரிய பாதியின் நடுவில் போக வேண்டும். புதரிலிருந்து மான் பாய்ந்தால் அந்த ஒரு மீட்டர் இடைவெளிகூட உதவும்.

பிரேக் நெம்பு மேல் விரல்களைத் தயாராக வைத்திருந்தால் யோசிக்கும் நேரத்தில் ஒரு பகுதி மிச்சமாகும்.

ஒரு மான் கடந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டக் கூடாது. புள்ளிமான் கூட்டமாக வாழ்வது. தாய் போனால் குட்டி பின்னால் வரும். ஒன்றைக் கண்டால் இன்னும் பல வரும் என்றே எண்ணி நின்றுவிட வேண்டும்.

மான் சாலையில் திகைத்து நின்றால், வண்டியை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். கண் தெளிந்ததும் அது போய்விடும். விளக்கை உயர்த்திக் காட்டினால் இன்னும் திகைக்கும்.

முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. மானுக்காக அது சட்டென்று நின்றால் நாம் அதன் மேல் மோதுவோம்.

வெளிநாடுகளில் மானை விரட்டும் சீழ்க்கைக் கருவி என்று ஒன்றை வண்டியில் பொருத்திக்கொள்கிறார்கள். காற்று புகுந்தால் அது கீச்சென்று ஒலிக்கும். ஆராய்ந்து பார்த்ததில் அந்த ஒலியால் மான்களின் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கும் கருவியைவிடக் காசில்லாமல் குறைக்கும் வேகம் நல்லது.

பின்னால் உட்காருகிறவரின் வேலை

உங்களில் பலருக்கு வண்டி ஓட்டும் வயது இன்னும் வரவில்லை. ஆனால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள் அல்லவா? உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஓட்டுகிறவரின் கண் சாலையில் இருக்கும். சாலையின் இரு ஓரங்களையும் உங்கள் கண் பார்க்கட்டும். இரவில் புதருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒளிப் புள்ளிகள் தெரிந்தால், அது விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் மானின் கண்ணாக இருக்கலாம். "இடது பக்கம் மான்" என்று சுருக்கமாக, நிதானமாகச் சொல்லுங்கள். கூச்சல் போட்டு ஓட்டுகிறவரைத் திடுக்கிடச் செய்யாதீர்கள். படம் எடுப்பதற்காக வண்டியை விட்டு இறங்காதீர்கள். மானுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். சாலையில் உணவு கிடைக்கும் என்று பழகிய மான் மறுபடியும் அங்கேயே வந்து நிற்கும்.

தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கு மட்டும் உரியதன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பின்னால் உட்காருகிறவருக்கும் அது கட்டாயம். தலைக்கவசம் அணிவது இறக்கும் அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காயம் படும் அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைக்குக் கீழே வாரை மாட்டுங்கள். மாட்டாத தலைக்கவசம் விழும்போது தலைக்கு முன்னதாகவே பறந்துவிடும்.

விபத்து நேர்ந்துவிட்டால், காயம்பட்டவருக்காக 108க்கு அழையுங்கள். பின்னால் வரும் வண்டிகளை எச்சரியுங்கள். அடிபட்ட மானின் அருகே போகாதீர்கள். வலியில் துடிக்கும் மானின் குளம்பும் கொம்பும் பலத்த காயம் உண்டாக்கும். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். இறந்த மானை எடுத்துச் செல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சாலையையும் திருத்தலாம்

எல்லாப் பொறுப்பையும் ஓட்டுகிறவர் தலையில் போட்டுவிட முடியாது. சாலை அமைப்பவர்களுக்கும் பங்கு உண்டு. கனடாவில் பான்ஃப் தேசியப் பூங்கா வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வேலி போட்டு, விலங்குகள் கடப்பதற்காக மேம்பாலங்களும் கீழ்ப்பாதைகளும் கட்டினார்கள். விலங்குகளின் மேல் வண்டிகள் மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் நாட்டிலும் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத் தூக்கிக் கட்டி, அடியில் 9 இடங்களில் விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். 2019இல் அங்கே தானியங்கிக் காமிராக்கள் வைத்துப் பார்த்தபோது 18 வகை விலங்குகள் அந்த வழிகளைப் பயன்படுத்துவது தெரிந்தது. புள்ளிமானும் அவற்றில் ஒன்று.

பாலம் இல்லாத இடத்தில் நேரத்தையாவது பங்கிட்டுக்கொள்ளலாம். பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் 2009இல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை, அவசர ஊர்தியும் அனுமதி பெற்ற சில பஸ்களும் தவிர மற்ற வண்டிகள் போக முடியாது. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையிலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் 2022இல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சோதனைச் சாவடியில் காத்திருக்க நேர்ந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒன்பது மணி நேரம் மானுடையது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மழையில் நனைந்த சாலையில் உராய்வு குறைந்து, வண்டியின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் வீதமே குறைகிறது என்று கொள்ளுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? விளக்கு 40 மீட்டர்தான் காட்டுகிறது என்றால் அந்த வேகம் சரியா?

(விடை: யோசிக்கும் நேரத்தில் 21 மீட்டர், பிரேக் போட்ட பின் 32 மீட்டர், மொத்தம் 53 மீட்டர். சரியன்று. 40 கி.மீ. வேகம் என்றால் 37 மீட்டரில் நிற்கும். இந்தக் கணக்கை வீட்டில் வண்டி ஓட்டுகிறவரிடம் போட்டுக் காட்டுங்கள்.)